அயல்நாட்டாரும் இந்தியக் குழந்தைகளின் சட்டப் பாதுகாவலும்

ஒரு குழந்தையைச் சுவீகாரம் எடுப்பது வேறு, அதன் பாதுகாவலராக நீதிமன்றத்தால் நியமிக்கப்படுவது வேறு. சுவீகாரத்தில் குழந்தை புதிய குடும்பத்தின் பிள்ளையாகவே ஆகிவிடுகிறது. வாரிசுரிமையும் கிடைக்கிறது. பாதுகாவலரோ குழந்தையை வளர்க்கும் பொறுப்பை மட்டுமே பெறுகிறார். குழந்தைக்கு 18 வயது நிறைந்ததும் அந்த உறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும். இந்தியாவிலிருந்து வெளிநாடுகளுக்குச் சென்ற குழந்தைகளில் பெரும்பாலோர் பல ஆண்டுகள் வரை பிள்ளைகளாக அல்ல, பாதுகாப்பில் உள்ள சிறாராகவே விமானம் ஏறினார்கள்.

காரணம் எளிது. 1956-ஆம் ஆண்டின் இந்து சுவீகாரம் மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இந்துக்களுக்கும் பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் மட்டுமே உரியது. கிறித்தவர், இசுலாமியர், பார்சி, யூதர் ஆகியோருக்கு அன்று சுவீகாரச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. அயல்நாட்டாருக்கும் இருக்கவில்லை. எல்லாருக்கும் பொதுவான ஒரு சட்டம் கொண்டுவர 1972-இலும் 1980-இலும் நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் வைக்கப்பட்டன; இரண்டும் நிறைவேறவில்லை.

எனவே வழக்கறிஞர்கள் ஆங்கிலேயர் காலத்துச் சட்டம் ஒன்றை நாடினார்கள். 'கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட்' எனப்படும் 1890-ஆம் ஆண்டின் 8-ஆவது சட்டம் அது. பெற்றோரை இழந்த சிறாரின் உடலையும் சொத்தையும் காக்க எழுதப்பட்ட சட்டம். கடல் கடந்து குழந்தையை அனுப்புவதை எழுதியவர்கள் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அதன் 8-ஆவது பிரிவு, பாதுகாவலராக விரும்பும் எவரும் மனுச் செய்யலாம் என்றது; இன்ன நாட்டவர் என்று வரையறுக்கவில்லை. குழந்தை வசிக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். குழந்தையின் நலனே முதன்மை என்கிறது 17-ஆவது பிரிவு. நீதிமன்ற எல்லைக்கு வெளியே குழந்தையைக் கொண்டுசெல்ல 26-ஆவது பிரிவின்படி தனி அனுமதி வேண்டும். இந்த அனுமதியே வெளிநாட்டுப் பயணத்துக்கு வழி திறந்தது. அங்கே சென்றபின் அந்நாட்டுச் சட்டப்படி தத்தெடுத்துக்கொள்வார்கள் என்பது எதிர்பார்ப்பு. எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விடை தேட முடியாது.

லட்சுமி காந்த் பாண்டே வழக்கு

1982-இல் லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தத்து என்ற பெயரில் பச்சிளங் குழந்தைகள் நெடுந்தொலைவு அனுப்பப்படுகின்றன, சில உயிரிழக்கின்றன, சில கவனிப்பாரின்றிப் பிச்சைக்கும் விபசாரத்துக்கும் தள்ளப்படுகின்றன என்பது அவருடைய முறையீடு. நீதிமன்றம் கடிதத்தையே ரிட் மனுவாக ஏற்றது. 1984 பிப்ரவரி 6 அன்று நீதிபதி பி. என். பகவதி தீர்ப்பை எழுதினார்.

அயல்நாட்டார் குழந்தையைப் பெறுவதைத் தீர்ப்பு தடை செய்யவில்லை. கட்டுப்படுத்தியது. முதலில் இந்தியக் குடும்பம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அயல்நாட்டவர் நேரடியாக விண்ணப்பிக்கக் கூடாது. அவர் நாட்டின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று அவரைப் பரிந்துரைக்க வேண்டும், வீட்டையும் வருவாயையும் குணத்தையும் நேரில் ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். 2 ஆண்டுகளுக்குள் குழந்தையை முறைப்படி தத்தெடுப்பதாக உறுதி அளிக்க வேண்டும். குழந்தையின் வளர்ச்சி பற்றிய அறிக்கைகள் தவணை முறையில் இந்திய நீதிமன்றத்துக்கு வந்துசேர வேண்டும்.

பெற்ற தாயைப் பற்றியும் தீர்ப்பு யோசித்தது. குழந்தை பிறக்கும் முன்னரோ, பிறந்து 3 மாதத்துக்குள்ளோ பெற்றோரை முடிவெடுக்க வைக்கக் கூடாது என்றது. வறுமையில் கைரேகை வைத்துவிட்டுப் பின்னர் தேடி அலைந்த தாய்மாரை எண்ணினால், தீர்ப்பின் மிகச் சிறந்த வரி இதுவே எனலாம். மற்றொரு விதி அவ்வளவு எளிதில் ஏற்கத்தக்கதன்று. மனு பற்றிய அறிவிப்பை எந்த நாளிதழிலும் வெளியிடக் கூடாது, விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும் என்றது மன்றம். தத்தெடுப்பவர் யார் என்று பெற்றோருக்குத் தெரிந்தால் பிற்காலத்தில் தொல்லை வரும் என்பது நோக்கம். ஆனால் களவு போன குழந்தையின் பெற்றோருக்கும் அதே கதவு மூடிவிட்டது.

இந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. 1990-களின் இறுதியில் ஆந்திராவின் தெலங்கானாப் பகுதி லம்பாடிக் குடியிருப்புகளில் பெண் குழந்தைகள் சொற்பப் பணத்துக்கு வாங்கப்பட்டது வெளியாகி, 2001-இல் பெற்றோர் குழந்தையை ஒப்படைக்கும் முறைக்கே அம்மாநில அரசு தடை விதித்தது. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் கடத்தப்பட்ட பிள்ளைகள் வெளிநாட்டுக் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது 2005-இல் தெரியவந்தது. அக்குழந்தைகளும் நீதிமன்ற ஆணையோடுதான் போயிருந்தார்கள். ஆணை வழங்கும் நீதிபதி தம்முன் வைக்கப்பட்ட தாள்களைத்தான் பார்க்க முடியும். தாள் பொய்யென்றால் ஆணையும் அதன்மேல்தான் நிற்கிறது.

பாதுகாவல் முறைக்கு வேறொரு ஓட்டையும் உண்டு. அழைத்துச் சென்ற குடும்பம் தத்தெடுப்பையோ குடியுரிமை விண்ணப்பத்தையோ முடிக்காமல் விட்டால், பிள்ளை அந்த நாட்டின் மொழி மட்டுமே பேசும் இந்தியக் குடிமகனாக வளர்ந்துவிடுகிறான். அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டுக் குழந்தைக் குடியுரிமைச் சட்டம் 2001 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அன்று 18 வயது நிறையாதவர்களுக்கே உதவியது. அதற்கு முன் வளர்ந்துவிட்டவர்கள் வெளியே நின்றார்கள்.

பிந்திய மாற்றங்கள்

1990-இல் மத்தியத் தத்தெடுப்பு அமைப்பான 'காரா' தோன்றியது. 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-இல் ஏற்று உறுதி செய்தது. 2000-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006-ஆம் ஆண்டுத் திருத்தமும் மதம் பாராமல் முழுமையான தத்தெடுப்புக்கு வழி செய்தன. 2015-ஆம் ஆண்டுச் சட்டம், வெளிநாட்டுத் தத்தெடுப்புகள் எல்லாம் அச்சட்டத்தின்படியே நடக்க வேண்டும் என்று வரையறுத்தது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தத்து ஆணை வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாறியது.

1890-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. பிரிந்த பெற்றோர், உறவினர் ஆகியோரின் வழக்குகளில் அன்றாடம் பயன்படுகிறது. அதன் வழியாக அன்று வெளிநாடு சென்ற பிள்ளைகள் இப்போது நடுவயதினர். பெற்றோரைத் தேடி வருவோர் கையில் இருக்கும் பழைய தாள்களில் ஒன்று அந்தப் பாதுகாவல் ஆணை. அதில் நீதிமன்றத்தின் பெயர், மனுவின் எண், பாதுகாவலரின் பெயர் எல்லாம் இருக்கும். தாயின் பெயர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.