வடிகட்டி வரைந்த எல்லை

உயிருள்ளவை எவை என்பதற்குப் பள்ளிப் பாடநூல்கள் ஒரு பட்டியல் தருகின்றன: செல்களால் ஆனவை, உணவிலிருந்து ஆற்றல் பெறுபவை, வளர்பவை, தூண்டலுக்கு எதிர்வினை காட்டுபவை, தம்மைப் போன்றவற்றை உண்டாக்குபவை. இயற்கையே எழுதிக் கொடுத்த பட்டியல் போல இது தோன்றும். ஆனால் உயிருக்கும் சடத்துக்கும் நடுவே கோடு போட்டதில் அந்தந்தக் காலத்து ஆய்வகக் கருவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கருவி மாறியபோதெல்லாம் கோடும் இடம் பெயர்ந்தது. புகையிலைச் செடியின் நோய் ஒன்றை ஆராய்ந்த வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் வேளாண் ஆய்வு நிலையத்தை நடத்திவந்த அடோல்ஃப் மேயர், இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத்திட்டாய்ப் படரும் தேமல் நோயைப் பற்றி 1886இல் எழுதினார். நோயுற்ற இலையின் சாற்றை நல்ல செடியில் செலுத்தினால் அதற்கும் நோய் தொற்றியது; சாற்றைக் கொதிக்க வைத்துவிட்டால் தொற்றவில்லை. காரணம் பாக்டீரியாவாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். இதற்கிடையே பாரிசில் பாஸ்டரின் ஆய்வகத்தைச் சேர்ந்த ஷார்ல் ஷாம்பர்லான், மெருகிடாத பீங்கானில் 1884இல் ஒரு வடிகட்டி செய்திருந்தார். அதன் நுண்துளைகளில் பாக்டீரியாக்கள் சிக்கிக்கொண்டதால், வடிந்து வரும் திரவத்தில் உயிர் ஏதும் இல்லை என்பது ஆய்வகங்களின் நடைமுறை நம்பிக்கை ஆயிற்று. ரஷ்யாவின் திமித்ரி இவனோவ்ஸ்கி 1892இல் தேமல் சாற்றை அதில் வடிகட்டினார். வடிந்த சாறும் நோயைத் தந்தது. பாக்டீரியா சுரந்த நஞ்சு கலந்திருக்கலாம், அல்லது வடிகட்டியில் பழுது இருக்கலாம் என்று அவர் விளக்கினார். கோட்டையே சந்தேகிக்கும் அளவுக்கு அவர் போகவில்லை.

1898இல் டெல்ஃப்ட் நகரின் மார்ட்டினுஸ் பெய்யரிங்க் அந்த அடியை எடுத்து வைத்தார். வெறும் நஞ்சென்றால் செடிக்குச் செடி மாற்றும்போது நீர்த்துப்போக வேண்டும். இதன் வீரியமோ குறையவில்லை. ஆகவே இது செடிக்குள் பெருகுகிறது, அதுவும் செல்கள் பிரிந்து வளரும் இளம் திசுக்களில்தான் பெருகுகிறது என்று கண்டார். அகார் கூழுக்குள்ளும் ஊடுருவியதால், இது உயிருள்ள தொற்றுத் திரவம் என்றார். உயிர் என்றால் செல் என்று கருதிய காலத்தில் இது துணிச்சலான முடிவு, பாதிதான் சரி. 1935இல் அமெரிக்காவின் வெண்டல் ஸ்டான்லி அதைப் படிகமாக்கிக் காட்டினார். உப்பைப் போலக் குப்பியில் எடுத்து வைக்கக்கூடிய ஒன்று, இலையில் பட்டதும் பெருகியது. அது தூய புரதம் என்று அவர் கருதினார், அதில் ஆர்.என்.ஏ.யும் உண்டு என்று இங்கிலாந்தில் பாடனும் பிரீயும் மறு ஆண்டே காட்டினர். 1939இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அது சுமார் 300 நானோமீட்டர் நீளக் கோல்களாகத் தெரிந்தது; திரவம் என்ற கருத்தும் விழுந்தது. இன்று இதைத்தான் வைரஸ் என்கிறோம்.

இது விதிவிலக்கான ஒன்று, ஆட்டையும் கல்லையும் பிரித்தறிய யாரும் தடுமாறுவதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் எல்லையிலிருந்து தொலைவில் உள்ளவற்றுக்கு எந்த இலக்கணமும் பொருந்திவிடும். இலக்கணத்தின் வலிமை எல்லையில்தான் தெரியும். கோவேறு கழுதை பொதுவாகக் குட்டி போடுவதில்லை, இருந்தும் அதை உயிரற்றது என்போமா? மசாடா என்ற பழங்கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான பேரீச்ச விதை 2005இல் முளைவிட்டதே, முளைக்கும்வரை அது எந்தப் பட்டியலில் இருந்தது? அப்படியானால் உயிர் என்பதே மனிதர் வசதிக்கு வைத்துக்கொண்ட ஏற்பாடா என்ற மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். அதுவும் பொருந்தாது. வடிகட்டி பொய் சொல்லவில்லை. அது அளவைப் பற்றிச் சொன்னது, அந்த அளவு உண்மையானது. அளவைப் பற்றிய விடையை உயிரைப் பற்றிய விடையாக எடுத்துக்கொண்டதுதான் பிழை.

அந்தப் பிழை பின்னர் தலைகீழாகவும் நிகழ்ந்தது. 1992இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில், குளிரூட்டும் கோபுரம் ஒன்றின் நீரில் அமீபாவுக்குள் கிடைத்த நுண்பொருள் அதன் பருமனால் பாக்டீரியா என்றே கருதப்பட்டது. அது ஒரு ராட்சத வைரஸ் என்று 2003இல்தான் மார்செய் ஆய்வாளர்கள் அறிவித்தனர். டார்வினியப் பரிணாமத்துக்கு உள்ளாகக்கூடிய, தன்னைத் தானே தாங்கி நிற்கும் வேதி அமைப்பே உயிர் என்ற நாசாவின் வரையறையும் இங்கே சிக்கலைத் தீர்ப்பதில்லை: வைரஸ் பரிணமிக்கிறது, ஆனால் தானாகத் தாங்கி நிற்பதில்லை. பெருக்கமும் வளர்சிதை மாற்றமும் பிரியாமல் சேர்ந்தே வரும் என்று எண்ணியிருந்தோம். அவை தனித்தனியாகவும் நிற்கக்கூடும் என்று காட்டியது வைரஸ். ஆகவே பாடநூலின் பட்டியலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒவ்வொரு பண்பையும் தனிக் கேள்வியாகக் கேட்டு, எந்தச் சோதனையில் அந்த விடை கிடைத்தது என்பதையும் சேர்த்துக் கற்பித்தால் போதும்.