ஜிப், ரார், 7-ஜிப்: கோப்புச் சுருக்க மென்பொருள்களின் வளர்ச்சியும் தேர்வும்

மேசைக் கணினியில் கோப்புகளைச் சுருக்க எந்த மென்பொருளை வைத்துக்கொள்ளலாம் என்று தேடுபவர்கள், எது அதிகமாகச் சுருக்கும் என்பதையே முதலில் ஒப்பிடுகிறார்கள். இத்துறையின் நாற்பதாண்டு வரலாற்றைப் பார்த்தால் அந்த ஒப்பீடு இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. மென்பொருள்கள் வந்து போயின; அவை உருவாக்கிய கோப்பு வடிவங்கள் நிலைத்தன. எந்த வடிவத்தின் இலக்கணம் எல்லோருக்கும் வெளியிடப்பட்டதோ, அதுவே பரவலாக வேரூன்றியது. ஆகவே சுருக்க மென்பொருளைத் தேர்வது, நம் தரவு எந்த வடிவத்தில் காலம் கடந்து நிற்க வேண்டும் என்று முடிவெடுப்பதே என இக்கட்டுரை வாதிடுகிறது.

கோட்பாடு மென்பொருளுக்கு வெகுகாலம் முந்தியது. ஒரு செய்தியை எந்த எல்லைக்குமேல் சுருக்க முடியாது என்பதை கிளாட் ஷானன் 1948-இல் கணிதமாக நிறுவினார். எம்ஐடியில் ராபர்ட் ஃபானோவிடம் பயின்ற டேவிட் ஹஃப்மன், அடிக்கடி வரும் குறிக்குக் குறைந்த பிட்டுகளும் அரிதாக வருவதற்குக் கூடுதல் பிட்டுகளும் தரும் உகந்த முறையை 1952-இல் வெளியிட்டார். ஹைஃபாவின் டெக்னியானைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் சிவ் இருவரும் 1977-இலும் 1978-இலும் எழுதிய கட்டுரைகள் வேறொரு வழியைத் திறந்தன: முன்பே வந்த தொடர் மீண்டும் வந்தால் அதை மறுபடி எழுதாமல், 'இத்தனை பைட் பின்னால் போய், இத்தனை பைட் எடுத்துக்கொள்' என்று குறித்தால் போதும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை நம் எழுத்திலேயே காணலாம். 'தமிழ்' என்ற சொல் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட் இடம் பிடிக்கிறது. த என்பது 224, 174, 164. ம என்பது 224, 174, 174. இகரக் குறி 224, 174, 191. ழ என்பது 224, 174, 180. புள்ளி 224, 175, 141. ஐந்து குறிகளுக்கும் முதல் பைட் 224 தான். இரண்டாவது பைட் 174 அல்லது 175. ஒரு தமிழ் நாவல் முழுவதும் இப்படியே ஓடுகிறது. மூன்றில் இரண்டு பங்கு பைட்டுகள் அநேகமாக முன்கூட்டியே தெரிந்தவை என்பதால், தமிழ் உரைக்கோப்பு சுருங்கும் விகிதம் வியப்பூட்டும். ஜேபெக் படமும் எம்பி4 காணொளியும் ஏற்கனவே சுருக்கப்பட்டவை; அவற்றில் ஷானன் காட்டிய எல்லை வரை பிழிவதற்கு மிச்சம் அதிகம் இல்லை. எந்த மென்பொருளை வாங்கினாலும் அங்கே பெரிய மாற்றம் வராது.

தனிக்கணினி உலகில் முதலில் பெரிதாகப் பரவியது 1985-இல் தாம் ஹெண்டர்சனின் சிஸ்டம் என்ஹான்ஸ்மென்ட் அசோசியேட்ஸ் வெளியிட்ட ஆர்க். தொலைபேசி மோடம் வழியே கோப்புகள் ஊர்ந்து போன காலம் அது. மிச்சமாகும் ஒவ்வொரு கிலோபைட்டும் நிமிடக் கணக்கில் காசு. மில்வாக்கியைச் சேர்ந்த ஃபில் காட்ஸ் அதே வடிவத்தைக் கையாளும் இன்னும் வேகமான பிகேஆர்க்கை எழுதினார். 1988-இல் ஆர்க்கை வெளியிட்ட நிறுவனத்தின் பதிப்புரிமை, வணிகச்சின்ன வழக்கு வந்தது. அது சமரசத்தில் முடிய, காட்ஸ் ஆர்க் வடிவத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. 1989-இல் அவர் கொண்டுவந்த மாற்றுதான் ஜிப்.

காட்ஸ் செய்தவற்றில் மிக முக்கியமானது நிரல் அல்ல என்பது என் கருத்து. ஜிப் வடிவத்தின் முழு விவரக்குறிப்பையும் ஓர் உரைக்கோப்பாக மென்பொருளுடன் சேர்த்தே கொடுத்து, அதை யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டார். தன் மென்பொருளோடு போட்டியிடும் வழியையும் அதன் மூலம் அவரே திறந்துவிட்டார். 1991-இல் நிக்கோ மாக்கின் வின்ஜிப் வந்தது. தன்னார்வலர்களின் இன்ஃபோ-ஜிப் குழு பல இயங்குதளங்களுக்கு இலவசக் கருவிகள் எழுதியது அந்த ஆவணத்தின் பலத்தில்தான்.

அதே காலத்தில் எதிர்மாறான கதையும் நடந்தது. டெர்ரி வெல்ச் 1984-இல் வெளியிட்ட எல்இசட்டபிள்யூ முறைக்கான காப்புரிமை யுனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது. யூனிக்ஸின் கம்ப்ரெஸ் கட்டளையும் ஜிஃப் படங்களும் அந்த முறையையே நம்பியிருந்தன. காப்புரிமைச் சிக்கலிலிருந்து விடுபடவே ஜான்-லூ கையி, மார்க் ஆட்லர் இருவரும் 1992-இல் ஜிஜிப்பை வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது காட்ஸின் டிஃப்லேட்: லெம்பெல்-சிவ் முறையையும் ஹஃப்மன் முறையையும் இணைத்த வழிமுறை. 1994-இன் இறுதியில் ஜிஃப் மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தபோது எழுந்த எதிர்ப்பில் பிஎன்ஜி பிறந்தது. அதற்குள்ளும் டிஃப்லேட் தான். காட்ஸ் 2000-ஆம் ஆண்டு தமது 37-ஆம் வயதில் இறந்தார். இன்றைய வேர்ட் ஆவணம், எக்செல் தாள், இபப் நூல், ஆண்ட்ராய்டு செயலி எல்லாமே உள்ளுக்குள் ஜிப் கோப்புகள். அவற்றைப் பைட் பைட்டாகத் திறந்து பார்த்தால் முதல் இரண்டும் 80, 75, அதாவது 'பிகே' என்ற அவருடைய முதலெழுத்துகள்.

ரார் இதற்கு மாறான பாதை. யெவ்ஜெனி ரோஷல் 1993-இல் உருவாக்கிய அந்த வடிவம் பல வகைகளில் ஜிப்பைவிட மேலானது. பல கோப்புகளை ஒரே ஓடையாகச் சேர்த்துச் சுருக்குவது, பெரிய தொகுப்பைப் பகுதிகளாக வெட்டுவது, சிதைந்த பகுதியைச் சரிசெய்யும் மீட்புப் பதிவு ஆகியவை அதன் சிறப்புகள். 1.44 மெகாபைட் ஃபிளாப்பி வட்டுகளின் காலத்தில் இவை பெருந்துணை. ரார் கோப்பைப் பிரிக்கும் கருவியின் மூலநிரல் கிடைக்கிறது. அதைக் கொண்டு ரார் உருவாக்கும் கருவியை எழுத உரிமம் அனுமதிப்பதில்லை. முறைப்படி ரார் கோப்பை உருவாக்க வின்ரார் குடும்பத்தையே நாட வேண்டும். அதன் சோதனைக் காலம் 40 நாள். பிறகும் அது வேலை செய்தாலும் பணம் கட்டிப் பயன்படுத்த வேண்டிய மென்பொருளே.

1999-இல் ஐகர் பாவ்லோவ் தொடங்கிய 7-ஜிப் சுருக்கும் திறனையும் திறந்த தன்மையையும் ஒருங்கே கொடுத்தது. டிஃப்லேட் 32 கிலோபைட் தூரம் மட்டுமே பின்னால் திரும்பிப் பார்க்கும். 7-ஜிப்பின் எல்இசட்எம்ஏ பல மெகாபைட், வேண்டுமானால் ஜிகாபைட் தூரம்கூடப் பார்க்கும். ஒத்த ஆவணங்கள் நிறைந்த கோப்புறையில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். விலையும் உண்டு: சுருக்கும்போது, 'அகராதி' எனப்படும் அந்தப் பின்னோக்குத் தூரத்தின் அளவைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு நினைவகம் கேட்கும். ஒரே ஓடையாகச் சுருக்கிய தொகுப்பில் ஒரு கோப்பை மட்டும் எடுக்க, அதற்கு முன்னுள்ளவற்றையும் பிரித்தாக வேண்டும். ஜிப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டு, பட்டியல் கடைசியில் இருப்பதால் அந்தச் சிரமம் இல்லை.

தமிழில் கோப்புப் பெயர் வைப்போர் ஒரு வரலாற்றுத் தடையைச் சந்தித்திருப்பார்கள். பழைய ஜிப் கருவிகள் பெயர்களை டாஸ் காலத்து 437-ஆம் குறிமுறைப் பக்கத்தில் வாசித்தன. அந்தப் பக்கத்தில் 224 கிரேக்க ஆல்ஃபா, 174 கோண மேற்கோள்குறி. தமிழ்ப் பெயர் அந்தக் குறிகளின் குவியலாகத் தெரிந்தது. பெயர் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் கொடி 2006-இல்தான் விவரக்குறிப்பில் சேர்ந்தது. விண்டோஸில் தமிழுக்கென்று பழைய குறிமுறைப் பக்கம் இல்லாததால், விண்டோஸ் 7 காலம் வரை அதன் உள்ளமைந்த ஜிப் வசதி தமிழ்ப் பெயர்களைச் சேர்க்கவே மறுத்தது. 7-ஜிப்பை நாடத் தமிழருக்கு இதுவே போதிய காரணமாக இருந்தது.

பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். ஜிப்பின் பழைய கடவுச்சொல் முறையை முறியடிக்கும் வழியை ஆய்வாளர்கள் பிஹாமும் கோச்சரும் 1994-லேயே காட்டிவிட்டார்கள். ஏஇஎஸ்-256 மறையாக்க முறையைத் தேர்ந்தால்தான் பூட்டு பூட்டாக இருக்கும். வின்ராரில் ஏஸ் என்ற வேறொரு சுருக்க வடிவத்தின் கோப்புகளைப் பிரிக்கும் பழைய நூலகத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் இருந்த ஓட்டையை 2019-இல் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. 2023-லும் 2025-லும் வேறு ஓட்டைகள் தாக்குதலுக்குப் பயன்பட்டன. 7-ஜிப்பிலும் இத்தகைய குறை இருந்து, 2024 நவம்பரில் வந்த 24.09 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. இரண்டு மென்பொருள்களும் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை.

இவற்றை வைத்துப் பார்க்கையில், பிறருக்கு அனுப்ப ஜிப், சொந்தச் சேமிப்புக்கு 7-ஜிப்பின் வடிவமான 7இசட், ராரைப் பிரிப்பதற்கு மட்டும் என்று வைத்துக்கொள்வதே தகும். இம்மூன்றுக்கும் 7-ஜிப் ஒன்றே போதும். 2023 முதல் விண்டோஸ் 11 தானே ரார், 7இசட் கோப்புகளைத் திறந்தாலும், கடவுச்சொல் இட்டு அனுப்ப வேண்டியவர்களுக்குத் தனி மென்பொருள் தேவைப்படும். அதை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். ஆண்டுக்கு இரு முறையாவது பதிப்பு எண்ணைச் சரிபாருங்கள்.