கோட்டுரு நிறமாலை

கோட்டுருவில் இணைந்த முனைகளுக்கு 1, இணையாதவற்றுக்கு 0 என்று எழுதினால் ஒரு சதுர அணி கிடைக்கும். அந்த அணியின் ஐகன் மதிப்புகளே அக்கோட்டுருவின் நிறமாலை. நிறமாலையை வைத்துக் கோட்டுருவை அடையாளம் காண்பது எப்போதும் கைகூடாது. நடுமுனையிலிருந்து நான்கு விளிம்புகள் கிளம்பும் நட்சத்திரத்துக்கும், ஒரு சதுரமும் தனிமுனையும் சேர்ந்த கோட்டுருவுக்கும் 2, 0, 0, 0, −2 என்ற ஒரே நிறமாலைதான். 1973இல் ஷ்வெங்க், மரங்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இப்படியொரு இரட்டை உண்டு என்று நிறுவினார்.

சமச்சீர் மிகுந்த கோட்டுருக்களில் நிலைமை வேறு. n×n கட்டப் பலகையில் ஒரே நிரையிலோ நிரலிலோ உள்ள கட்டங்களை இணைத்தால் வரும் கோட்டுருவை அதன் நிறமாலையே தீர்மானித்துவிடும்; விலக்கு n = 4 ஒன்றுதான். 1959இல் இதைக் கண்டவர் மத்தியப் பிரதேசத்தின் சாகரில் பிறந்த ச. ச. ஸ்ரீகண்டே. n = 4 பலகைக் கோட்டுருவின் அதே நிறமாலை கொண்ட அந்த இன்னொரு கோட்டுரு இன்று அவர் பெயரால் வழங்குகிறது. 16 முனைகள் கொண்ட இரு கோட்டுருக்களிலும் 6 ஒரு முறை, 2 ஆறு முறை, −2 ஒன்பது முறை வரும். வேறுபாட்டைக் காண ஒரு முனையின் ஆறு அண்டை முனைகளைப் பார்த்தால் போதும்: பலகைக் கோட்டுருவில் அவை இரு தனி முக்கோணங்கள், ஸ்ரீகண்டே கோட்டுருவில் ஓர் அறுகோணம். அவருடைய ஆசிரியர் ராஜ் சந்திர போஸ் 1963இல் இத்தகையவற்றுக்கு வலு ஒழுங்குக் கோட்டுரு என்று பெயரிட்டார்.

என்றாலும் நிறமாலை முறையின் உண்மையான பலம், இருக்க முடியாதவற்றைக் கழித்துக்கட்டுவதில்தான் இருக்கிறது. முக்கோணமோ சதுரமோ இன்றி, எந்த முனையிலிருந்தும் எந்த முனைக்கும் இரண்டே அடிகளில் போகக்கூடிய ஒழுங்குக் கோட்டுருக்களை ஹாஃப்மனும் சிங்கிள்டனும் 1960இல் ஆராய்ந்தனர். ஒவ்வொரு முனையிலும் k விளிம்புகள் என்றால் முனைகள் k²+1. k தவிர்த்த ஐகன் மதிப்புகள் x²+x−(k−1)=0 என்ற சமன்பாட்டின் மூலங்களாகவே இருக்க வேண்டும். எல்லா ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை பூச்சியம். ஒவ்வொன்றும் முழு எண் தடவைதான் வர முடியும். இந்த எளிய நிபந்தனைகளே k-ஐ 2, 3, 7, 57 என்ற நான்கு எண்களுக்குள் அடக்கிவிட்டன. 2 ஐங்கோணம். 3 பீட்டர்சன் கோட்டுரு: அதில் 3 ஒரு முறை, 1 ஐந்து முறை, −2 நான்கு முறை, கூட்டினால் பூச்சியம். 7-க்கு உரிய 50 முனைக் கோட்டுருவை அவர்களே கட்டிக் காட்டினர்.

57-க்கு 3250 முனைகள் வேண்டும். அப்படியொன்று உண்டா என்பது இன்னும் தீரவில்லை. இருந்தாலும் அதன் முனைகள் அனைத்தும் ஒன்றுக்கொன்று சமச்சீராக அமைய முடியாது என்று கிரஹாம் ஹிக்மன் காட்டிவிட்டார்.