ஊருக்குச் சேதி சொன்னவர்கள்



இங்கிலாந்தில் பழைய கால விழாக்கள் நடத்தும்போது, அந்தக்கால உடுப்போடு ஒருவர் கைமணி ஆட்டி "ஓயே, ஓயே" என்று கூவுவார். 'கேளுங்கள்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் அது. சம்பளம் வாங்காமல் ஆசையோடு செய்பவர்களும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு வேடம் போட்டுக் காட்டலாம். ஆனால் நம் பக்கத்தில் அந்த வேலை யாருடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மணிமேகலையின் முதற் காதையே விழாவறை காதைதான். புகார் நகரில் 28 நாள் இந்திர விழா வரப்போவதை, யானைமேல் முரசு வைத்து ஒருவன் அறிவிக்கிறான். தெருவில் புதுமணல் பரப்புங்கள், வாழையும் கரும்பும் நடுங்கள், விழா முடியும்வரை பகைவரோடு சண்டைக்குப் போகாமல் விலகி இருங்கள் என்கிறான். எவ்வளவு நல்ல சேதி! சொன்னவன் பெயர் மட்டும் இல்லை. முரசறையும் பழைய குடியிற் பிறந்தவன் என்பதோடு சரி.

பறைதல் என்றால் சொல்லுதல். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து அயலவர்கள் "என்ன பறையிறாய்?" என்று பேசக் கேட்டிருப்போம். அந்தச் சொல்லின் பெயரிலேயே ஒரு சாதியை ஒதுக்கியும் வைத்தோம். கண்டி இராச்சியத்தில் அரச கட்டளையை 'அணபெர' அடித்து அறிவித்தார்கள். மேளம் பெரவா சாதியாரின் கடமை, நிலத்தோடு கட்டிய இராஜகாரியம். அரசுக்கான இராஜகாரியம் 1832இல் ஒழிந்தது; விகாரை, தேவாலய நிலங்களில் சேவை தொடர்ந்தது. தமிழ்நாட்டில் தண்டோரா போடுவதைத் தடுக்கச் சொல்லி, தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில்தான். ஒலிபெருக்கி வந்து எத்தனை காலத்துக்குப் பிறகு!

இதற்கு நடுவில் நம் சஹர் பாவாவை வைத்துப் பாருங்கள். ஹிஜாஸில் பிலால் (ரழி) இரவிலேயே பாங்கு சொல்வார்கள். கண் தெரியாத இப்னு உம்மி மக்தூம் (ரழி) சொல்லும்வரை உண்ணலாம், பருகலாம் என்று நபியவர்கள் அறிவித்ததை எல்லோரும் அறிவோம். கெய்ரோவில் மஸஹ்ஹராத்தி, துருக்கியில் மேளக்காரர், நம் ஒழுங்கைகளில் றபானோடு பாவா. றபான் கூடுமா கூடாதா என்ற வாதத்தைத் தயவுசெய்து கீழே தொடங்க வேண்டாம். அது வேறு நாளைக்கு.

பாவாவை எந்த அரசனும் அனுப்பவில்லை. பிறப்பால் அவர்மேல் யாரும் சுமத்தவும் இல்லை. நோன்பு முழுவதும் ஊர் தூங்கும் நேரத்தில் நடந்தார், பெருநாளைக்குக் கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். அதற்கே சில வீடுகளில் அவரைப் பிச்சைக்காரராகப் பார்த்தார்கள். ஊருக்காகக் குரல் கொடுப்பவரைக் கீழே வைக்கும் பழக்கம் நம்மிடமும் ஒட்டிக்கொண்டதுதான் அது.

இப்போது கைபேசி எழுப்புகிறது, ஜனாஸாச் செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் வானொலியும் வட்ஸ்அப்பும் சொல்கின்றன. ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து மூத்தம்மாமார், அப்பாமார் இருக்கும் வீடுகளில் இன்றைக்கே கேளுங்கள். பாவா எந்த ஒழுங்கையால் வருவார், எத்தனை மணிக்கு, கையில் விளக்கு இருந்ததா, என்ன பைத் படிப்பார், அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? குரலாகப் பதிந்து அனுப்பினாலும் சரி, எழுதி வைத்துக்கொள்வோம்.