அஞ்சலில் வந்த ஆசான்

ஆசிரியர் ஓர் ஊரிலும் மாணவர் வேறோர் ஊரிலும் இருக்க, இடையே எழுத்து மட்டும் பயணம் செய்யுமானால், அவ்வாறு பெற்ற அறிவு நம்பத் தகுந்ததுதானா? இக்கேள்வி நம் காலத்தில் முளைத்ததென்று பலர் எண்ணுகின்றனர். ஹதீஸ் கலை வல்லுநர்களோ பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இதனை எழுப்பி, விடையும் வகுத்து வைத்தனர். ஆசானிடமிருந்து மாணவர் செய்தியைப் பெறும் வழிகள் எட்டு என்பது அவர்கள் கணக்கு. ஆசானின் வாய்மொழியை நேரிற் கேட்பது முதலாவது. தொலைவிலுள்ள மாணவருக்கு எழுதி அனுப்பும் 'முகாதபா'வும் அவ்வெட்டனுள் ஒன்று. எழுதியவரின் கையெழுத்தைப் பெறுபவர் ஐயமற அறிந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் அதற்கு விதித்த கட்டுப்பாடு. தொலைவு குற்றமன்று, தொலைவிலும் நம்பகத்தைக் காக்க ஒரு முறை வேண்டும் என்பதே இதன் பொருள்.

இந்திய நாட்டில் அஞ்சல்வழிக் கல்வி 1962இல் டெல்லிப் பல்கலைக் கழகத்தில் தொடங்கிற்று. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக் கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக் கழகம் 1981இலும் இத்துறையில் இறங்கின. பகலெல்லாம் கடையில் நின்றவர்களும், பள்ளிப் படிப்போடு வீட்டில் அமர்ந்த பெண்களும் பட்டம் பெற வழி பிறந்தது. ஆயினும் 'தபாலில் படித்த பட்டந்தானே!' என்ற ஏளனமும் உடன் பிறந்தது. அந்த ஏளனத்தில் ஓரளவு நியாயமும் இருந்தது. வகுப்பறையில் சொல்லும் குறிப்புகளை அப்படியே அச்சிட்டு அனுப்பினால் அது பாடமாகிவிடாது. வகுப்பில் மாணவரின் முகம் சுருங்குவதைக் கண்டு ஆசிரியர் மறுமுறை விளக்குவார். அச்சிட்ட தாளுக்கு அந்தக் கண் இல்லை.

இக்குறையை ஆராய்வதையே தம் பணியாகக் கொண்ட நிறுவனங்கள் எழுந்ததுதான் இத்துறையின் திருப்புமுனை. ஜெர்மனியின் ஹாகன் நகரில் 1974இல் தொலைநிலைப் பல்கலைக் கழகம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே அதனுள் தொலைநிலைக் கல்விக்கெனத் தனி ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைந்தது. அங்குப் பணியாற்றிய சுவீடன் நாட்டு அறிஞர் பேர்யே ஹோல்ம்பர்க், நல்ல பாடநூல் மாணவரோடு உரையாட வேண்டும் என்றார். அது கேள்வி கேட்க வேண்டும். சிந்திக்க இடைவெளி விட வேண்டும். தனிமையில் படிப்பவருக்குத் துணையாக வேண்டும். அப்பல்கலைக் கழகத்தின் முதல் தலைவரான ஓட்டோ பீட்டர்ஸ், ஆலை உற்பத்தியைப் போலவே இங்கும் வேலைப் பிரிவினையும் திட்டமிடலும் இன்றியமையாதவை என்று விளக்கினார். ஒருவர் எழுதுவார், மற்றொருவர் செப்பனிடுவார், வேறொருவர் விடைத்தாள் திருத்துவார். கண்ணியொன்று அறுந்தாலும் துன்பம் மாணவருக்கே.

இந்தச் சிந்தனை நம் நாட்டில் வேரூன்றியது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தில். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது தோன்றியது. அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி, 1982இல் ஆந்திரத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தை நடத்திக் காட்டியவர். 1987இல் பாடம் தொடங்கியபோது இருந்தவை இரண்டே படிப்புகள். மாணவர்கள் 4,528 பேர். ஒன்று மேலாண்மைப் பட்டயம். மற்றொன்று தொலைநிலைக் கல்வியைப் பற்றியே கற்பிக்கும் பட்டயம். பிறருக்குப் பாடம் அனுப்புமுன், அனுப்பும் கலையைப் பயில வேண்டும் என்று அவர்கள் கருதியது சிந்திக்கற்பாலது.

1986இல் அங்கு அமைந்திருந்த தொலைநிலைக் கல்விப் பிரிவு, காமன்வெல்த் கற்றல் அமைப்பின் துணையோடு 1993இல் பணியாளர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக உயர்ந்தது. 'ஸ்ட்ரைட்' என்பது அதன் சுருக்கப் பெயர். பாடம் எழுதுவோர்க்குப் பயிற்சி, இத்துறையில் முதுகலைப் படிப்பு, ஆராய்ச்சி என அதன் பணி விரிந்தது. மாணவர் ஏன் பாதியில் நிற்கின்றனர், திருத்திய விடைத்தாள் காலந்தாழ்ந்து வந்தால் என்ன நேர்கிறது என்பன போன்றவை இத்துறை ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் எழுப்பும் வினாக்கள்.

இவ்வினாக்களின் முழுப் பொருளை உணர வேண்டுமானால் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிமிர்ந்து நிற்கும் கல்வராயன் மலையை நோக்குதல் வேண்டும். மலையாளிப் பழங்குடியினர் மிகுதியாக வாழும் இம்மலை, நெடுங்காலம் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்து, 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்திற்கு வந்தது. அதாவது, மதுரையிலிருந்து பாடங்கள் தபாலில் புறப்பட்டு ஐந்தாண்டுகள் ஆன பின்னரும் இங்கே ஜாகீர் முறை நீடித்தது! கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். பட்டப் படிப்பை நாடும் மலைப் பிள்ளைகள் இறங்கி வரவேண்டிய வழி இன்றும் நீண்டது. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகம் தோன்றியது இத்தகையோருக்கு வாயில் திறந்து வைத்தது.

ஆயின் வாயில் திறந்திருப்பது மட்டும் போதுமா? குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் பாடத்தைக் கையில் எடுக்கும் ஒரு மலைப் பெண்ணுக்கு, ஐயம் கேட்க அருகில் எவருமில்லை. அவளுக்குப் பாடநூலே ஆசான். அது கடினமான நடையில் அமைந்தால், அவள் தன்னைத்தானே மந்தமானவள் என்று எண்ணிக்கொள்வாள். குற்றம் நூலுடையது என்று அவளுக்குச் சொல்வார் இல்லை. ஆராய்ச்சி நிலையங்கள் சொல்ல முற்பட்டது இதனைத்தான்.

நம் இல்லங்களிலும் படிப்பு பாதியில் நின்ற பெண்மக்கள் உண்டு. அவர்களைத் தொலைநிலைப் படிப்பில் சேர்க்க விழையும் பெற்றோர், கட்டணத்தையும் பட்டத்தையும் மட்டும் விசாரித்தல் போதாது. பாடநூலைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தொடர்பு வகுப்பு எங்கே நடக்கும், விடைத்தாள் எத்தனை நாளில் திருத்தி வரும் என்று கேட்க வேண்டும். முன்னோர் கையெழுத்தைச் சோதித்தனர். நாம் சோதிக்க வேண்டியது அந்த எழுத்துக்குப் பின்னால் ஓர் ஆசான் உண்மையாகவே இருக்கின்றாரா என்பதை.