போர்க்காலப் பிள்ளைகளும் தாய்மடியும்

1939 செப்டம்பரில் இங்கிலாந்தில், குண்டுவீச்சுக்கு அஞ்சி, ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். பாதிக்கு மேற்பட்டோர் பள்ளிப் பிள்ளைகள். உயிர் தப்பினால் போதும் என்றே அன்று பலரும் எண்ணினர்.

உள்ளத்தின் காயத்தை எண்ணிப் பார்த்தவர் ஆன்னா பிராய்டு அம்மையார். 1938-இல் ஹிட்லரின் பிடியிலிருந்து தப்பி வியன்னாவிலிருந்து இலண்டன் வந்த இவர், டாரதி பர்லிங்காம் அம்மையாருடன் ஹாம்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தைகள் இல்லங்களை நடத்தினார். குண்டின் முழக்கத்தைவிடத் தாயைப் பிரிந்த துயரே சிறு பிள்ளையை மிகுதியும் வாட்டுகிறது என்று கண்டனர். ஆகவே தாய்மார் எந்நேரமும் வந்து காண இடமளித்தனர். பிள்ளைகளைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வளர்ப்புத் தாயை அமர்த்தினர். முதலில் பொறாமையும் பிடிவாதமும் தலைதூக்கின. பின்னர் அன்பு வேரூன்றவே, பிள்ளைகள் தளிர்த்தனர்.

1945-இல் தெரேசின் முகாமிலிருந்து மூன்று வயதளவான ஆறு யூதக் குழந்தைகள் வந்து சேர்ந்தனர். பெற்றோரைக் கொலைக்களத்தில் இழந்தவர்கள். பெரியவர்களை அடித்தனர், கடித்தனர். தங்களுக்குள்ளோ ஒருவரையொருவர் பிரியவில்லை. அருகிலிருப்பவனுக்குப் பகிர்ந்த பின்னரே தாம் உண்டனர். பொறுமையோடு பேணிய பின்னரே பெரியவர்களையும் நம்பத் தொடங்கினர்.

அகதிப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் திரட்டும் நாம், நாள்தோறும் மாறாத ஒரு முகத்தையும் அவர்களுக்குத் தேடித் தருவோமாக.