மட்டக்களப்பு வாவிக்கரையும் மூளை மலேரியாவும்

ஈழநாட்டின் மலேரியா வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் 1934-35ஆம் ஆண்டுகளின் பெருங்கொள்ளை நோயிலிருந்தே தொடங்குவர். மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்க, அவற்றில் அனோபிலிசு நுளம்பு பெருகி, கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் காவுகொண்ட நிகழ்ச்சி அது. உலர்வலயத்தைச் சார்ந்த மட்டக்களப்பு அக்கதையில் ஓர் ஓரத்திலேயே நிற்கின்றது. அங்கு நோய் என்றுமே இருந்தமையே அதற்குக் காரணம்.

வாவிக்குக் கிழக்கே கடலோரமாக எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாகப் படுவான்கரை. நோய் பரப்பும் நுளம்பு நன்னீர்த் தேக்கங்களை நாடுவது. படுவான்கரையின் ஆற்றுக் குட்டைகள் அதற்கு வாய்ப்பாயின. காய்ச்சலுடனேயே உழுது விதைத்த அம்மக்களின் உடலில், சிறுவயது தொட்டு மீண்டும் மீண்டும் தொற்றியதன் விளைவாக ஒருவகை நிர்ப்பீடனம் அமைந்தது. அது ஒட்டுண்ணியை முற்றாக ஒழிக்காவிடினும், அதனோடு உயிர்வாழ இடந்தந்தது. ஈரவலயத்தார்க்கு அது வாய்க்கவில்லை. ஆயின், நம்மவர் அதனை விலையின்றிப் பெற்றாரல்லர். நிர்ப்பீடனம் அமையுமுன்னரே இறந்த குழந்தைகளே அவ்விலை.

அக்குழந்தைகள் எவ்வாறு இறந்தனர்? குருதிச்சோகை ஒரு வழி. மூளை மலேரியா மற்றொரு வழி. காய்ச்சல் முற்றிப் பிதற்றலும் உணர்விழப்பும் தோன்றும் நிலையை நம் முன்னோர் சன்னி என்றனர். பல நோய்களைத் தன்னுள் அடக்கிய சொல் அது.

பிளாசுமோடியம் பல்சிப்பாரம் என்னும் ஒட்டுண்ணி புகுந்த செங்குருதிக் கலங்கள் மூளையின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்வதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தாலிய அறிஞரான மார்க்கியாபாவாவும் பிக்னாமியும் கண்டனர். ஒட்டுண்ணியோ குருதிக் குழாயை விட்டு மூளைத் திசுவினுள் நுழைவதில்லை. அங்ஙனமாயின் மூளை பழுதுறுவது எங்ஙனம்? குழாய் அடைபடுதல் ஒரு காரணம். உடலின் எதிர்ப்பே மற்றொரு காரணம் என்னும் கருத்து, 1987இல் சுண்டெலிகளில் நிகழ்ந்த ஆய்வால் வலுப்பெற்றது. ரீ.என்.எவ். எனப்படும் அழற்சிப் புரதத்தைத் தடுத்தபோது அவை அந்நோயினின்றும் தப்பின. நம் நாட்டிலும் நதீரா கருணாவீர முதலானோர் 1992இல், வைவக்சு வகை மலேரியாவின் காய்ச்சல் ஏற்ற இறக்கம் இதே புரதத்தின் அளவோடு நெருங்கிய தொடர்புடையது எனக் காட்டினர்.

எதிர்ப்பை அடக்கினால் நோயாளி பிழைப்பார் என எண்ணத் தோன்றும். மனிதரிடத்து அது அத்துணை எளிதன்று. 1982இல் வெளியான தாய்லாந்து ஆய்வொன்றில், அழற்சி தணிக்கும் டெக்சாமெதசோன் மருந்தைப் பெற்ற நோயாளர் ஏனையோரினும் நீண்ட நேரம் நினைவிழந்து கிடந்தனர். 2015இல் வெளியான மலாவி நாட்டு ஆய்விலோ, இறந்த 25 குழந்தைகளுள் 21 பேரின் மூளை கடுமையாக வீங்கியிருந்தமை புலனாயிற்று. வீங்கிய மூளை மண்டையோட்டினுள் இடமின்றி நெரிபட, மூச்சை இயக்கும் பகுதி செயலிழக்கின்றது.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். 1946இல் டி.டி.ரி. தெளிப்பு நாடெங்கும் விரிவடைந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். தெளிப்பு நிறுத்தப்பட்டபின், 1967-69இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நிர்ப்பீடனமற்ற ஒரு தலைமுறை அதற்குள் வளர்ந்திருந்தது. அவ்வலை பெரும்பாலும் வைவக்சு வகையாக இருந்தமையாலேயே இறப்புக் குறைந்தது. அதனை நற்பேறு என்றுதான் சொல்லவேண்டும். போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கு மீண்டும் நோயின் களமாயிற்று. உள்நாட்டிலே தொற்றிய இறுதி நோயாளர் 2012இல் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. இன்று படுவான்கரைக் குழந்தைக்கும் அந்நாளைய கேகாலைக் குழந்தையைப் போலவே நிர்ப்பீடனம் இல்லை. நுளம்போ இன்னும் இருக்கின்றது.

குடியேற்றக் காலத்து இறப்புப் பதிவேடுகளில் குழந்தை மரணங்கள் பல காய்ச்சல், வலிப்பு என்னும் தலைப்புகளின் கீழ் எழுதப்பட்டன. பெருங்கொள்ளை நோயின் இறப்புகளைக் கணக்கிட அறிக்கை இருந்தது. ஆண்டுதோறும் வலிப்பு என எழுதப்பட்டவர்களுள் எத்தனை பேரின் மூளைக் குழாய்களில் அவ்வொட்டுண்ணி அடைந்து கிடந்தது என்பதை அவ்வேடுகளிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.